அண்ணன் மகன் காரா, ஷோரூம் காரா?

கேள்வி: நான் பள்ளத்தூரில் வசிக்கிறேன். கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வுபெற்றுவிட்டேன். வீட்டில் நான், மனைவி, 78 வயதான எங்கள் ஆத்தா ஆகிய மூவர் இருக்கிறோம். மகள் குடும்பத்துடன் சென்னையில் இருக்கிறாள். ஆண்டுக்கு ஐந்து முறை சென்னைக்கும், ஆத்தாவின் மூட்டுச் சிகிச்சைக்காக மாதம் ஒருமுறை மதுரைக்கும் போய்வருகிறோம். மற்றபடி பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, சுற்றியுள்ள ஊர்களின் விசேஷங்கள் அவ்வளவுதான். 2012இல் வாங்கிய சிறிய காரைக் கொடுத்துவிட்டு நடுத்தர அளவுள்ள செடான் கார் (பின்னால் தனி டிக்கி உள்ள வகை) ஒன்று வாங்க எண்ணுகிறேன். கையில் 9 லட்சம் ரூபாய் இருக்கிறது. ஷோரூம் விலை 12 லட்சம் வரும் புதிய காரைக் கடன் போட்டு வாங்கலாமா? சென்னை வியாபாரி ஒருவர் ஏழரை லட்சம் சொல்லும் 2019ஆம் ஆண்டு டீசல் ஹோண்டா சிட்டியை வாங்கலாமா? அல்லது காரைக்குடியில் இருக்கும் என் அண்ணன் மகன் 9 லட்சத்துக்குத் தருவதாகச் சொல்லும் 2021ஆம் ஆண்டு பெட்ரோல் சிட்டியை வாங்கலாமா? இது கைக்கியர் வண்டி, 31,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது.

பதில்: ஐயா அவர்களுக்கு வணக்கம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே உண்மையாக இருந்து, நான் கீழே சொல்லும் சோதனைகளிலும் கார் தேறிவிட்டால், அண்ணன் மகனுடைய பெட்ரோல் சிட்டியை வாங்குவதுதான் உங்களுக்குப் பொருத்தம். உறவுக்குள் இருக்கும் கார் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தக் கார் எந்தக் கொட்டகையில் நின்றது, யார் ஓட்டினார், எந்தப் பட்டறைக்குப் போனது என்ற மூன்றையும் உங்களால் நேரில் விசாரித்துத் தெரிந்துகொள்ள முடியும் என்பதற்காகச் சொல்கிறேன். காரைக்குடியில் பட்டறை நடத்துவதோடு, பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்காக வண்டியைப் பார்த்துச் சொல்லும் வேலையையும் முப்பது ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். ஒரே ஆண்டில் ஒரே தொழிற்சாலையிலிருந்து வந்த இரண்டு கார்கள் ஐந்து ஆண்டுகளில் முற்றிலும் வேறு வேறு வண்டிகளாக ஆகிவிடுவதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். ஆகவே பழைய காரைப் பொறுத்தவரை கம்பெனிப் பெயரைவிட அந்த வண்டியின் பூர்வீகத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

உங்கள் ஓட்டத்தைக் கணக்கிட்டுப் பார்த்தேன். சென்னைக்குப் போய்வர ஏறத்தாழ 840 கிலோமீட்டர் என்றால் ஐந்து முறைக்கு 4,200. மதுரைக்குப் போய்வர 200 என்றால் பன்னிரண்டு முறைக்கு 2,400. கோயிலும் விசேஷமும் ஒரு 1,400. ஆக, ஆண்டுக்கு 8,000 கிலோமீட்டர். எல்லா முடிவுக்கும் இந்த எண்தான் அடிப்படை. லிட்டருக்கு 14 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் காருக்கு ஆண்டுக்கு 571 லிட்டர் தேவைப்படும். லிட்டர் 102 ரூபாய் என்று வைத்தால் 58,000 ரூபாய் ஆகிறது. லிட்டருக்கு 19 கிலோமீட்டர் தரும் டீசல் காருக்கு 421 லிட்டர். லிட்டர் 93 ரூபாய் என்றால் 39,000 ரூபாய். டீசல் உங்களுக்கு ஆண்டுக்கு மிச்சப்படுத்துவது ஏறத்தாழ 19,000 ரூபாய். ஏழு வயதான டீசல் எஞ்சினில் எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டரோ, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போவோ ஒருமுறை கெட்டால் இரண்டு மூன்று ஆண்டுகளின் அந்த மிச்சம் ஒரே நாளில் போய்விடும். மேலும், 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின், 2023க்குள் இந்த அளவுள்ள செடான்களில் டீசல் எஞ்சினைக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டன. இன்று இந்த வகையில் புதிய டீசல் கார் கிடையாது. ஆண்டுக்கு இருபதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டும் ஒருவருக்கு நான் வேறு பதில் சொல்லியிருப்பேன். உங்களுக்கு டீசல் வேண்டாம்.

அந்தச் சென்னைக் காரை வேண்டாம் என்று சொல்ல இன்னொரு காரணமும் உண்டு, அது டீசலையும் விடப் பெரியது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்த வெள்ளத்திலும் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. அவற்றில் பல கழுவித் துடைக்கப்பட்டு, புதிய சீட் உறை போடப்பட்டு, வெள்ளத்தின் வாசனையே அறியாத ஊர்களுக்கு விற்பனைக்கு வந்தன. 2016இல் தேவகோட்டையிலிருந்து ஒருவர், தாம் அப்போதுதான் வாங்கிய காரை என்னிடம் கொண்டுவந்தார். ஏ.சி. போட்டால் மண்வாடை வருகிறது, ஜன்னல் கண்ணாடி சில நாள் இறங்கும், சில நாள் இறங்காது என்றார். நான் முன்சீட்டைக் கழற்றி, தரைவிரிப்பைத் தூக்கினேன். அடியில் காய்ந்த வண்டல் படிந்திருந்தது, வயர்களின் இணைப்புகளில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. அவர் அந்தப் பணத்தை மகளின் கல்யாணத்துக்கு வைத்திருந்த சேமிப்பிலிருந்து எடுத்திருந்தார். விற்றவரைத் தேடிப்போனபோது அவர் கடையையே காலிசெய்துவிட்டிருந்தார். அன்றுமுதல் வெள்ளம் பார்த்த ஊரின் காரைச் சோதிக்கும்போது நான் எஞ்சினைத் திறப்பதற்கு முன்பாகவே சில இடங்களைப் பார்த்துவிடுகிறேன். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால், வெளியே தெரியாத பகுதியில் சேற்றுக் கறை இருக்கும். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கினால் அதன் குழியில் மணல் தங்கியிருக்கும். சீட் நகரும் தண்டவாளத்தில் துருவும், முகப்பு விளக்கின் உள்ளே நீர்க்கோடும் இருக்கும். கழுவுகிறவர்கள் இந்த இடங்களை மறந்துவிடுகிறார்கள். உங்கள் வியாபாரி நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் நானூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஒரு வண்டியின் கதையை நீங்கள் அவருடைய வாய்ச்சொல்லைக் கொண்டு மட்டுமே நம்ப வேண்டியிருக்கிறது.

இனிப் புதிய கார். புதிய கார் வாங்கும் ஆசையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஹூண்டாய் வெர்னா, ஸ்கோடா ஸ்லாவியா, போக்ஸ்வாகன் விர்டஸ் மூன்றும் 2023இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றவை. அதே ஆண்டில் வந்த புதிய வெர்னாவில் எல்லா வேரியன்ட்டிலும் (ரகத்திலும்) ஆறு காற்றுப்பைகள் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த அளவுள்ள கார்களுக்கு ஜி.எஸ்.டி.யும் செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்ந்து 45 சதவீதமாக இருந்த வரி 40 சதவீதமாகக் குறைந்துவிட்டது; இன்று 12 லட்சம் சொல்லும் காருக்குப் பழைய வரியில் 12 லட்சத்து 43 ஆயிரம் ஆகியிருக்கும். ஆனால் உங்கள் கடிதத்தில் ஷோரூம் விலை மட்டுமே இருக்கிறது, சாலை வரி இல்லை. 2023 நவம்பரில் மாற்றியமைக்கப்பட்டபடி, தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையுள்ள காருக்கு ஆயுள் வரி 18 சதவீதம். 12 லட்சத்துக்கு அது 2 லட்சத்து 16 ஆயிரம். காப்பீடும் பதிவுச் செலவும் சேர்ந்தால் வண்டி உங்கள் வாசலுக்கு வரும்போது ஏறத்தாழ 15 லட்சம் ஆகிவிடும். கையிருப்பில் ஒரு லட்சத்தை மருத்துவச் செலவுக்கென்று ஒதுக்கிவிட்டு 8 லட்சம் கட்டினால், 7 லட்சம் கடன். 9 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுக்கு மாதத் தவணை 14,500 ரூபாயைத் தாண்டும். மொத்த வட்டி 1 லட்சத்து 72 ஆயிரம். ஓய்வூதியத்திலிருந்து மாதாமாதம் அந்தத் தொகையை எடுத்து, வாரத்தில் ஐந்து நாள் கொட்டகையில் நிற்கப்போகும் வண்டிக்குக் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பழைய காருக்கு ஆயுள் வரியை முதல் உரிமையாளர் கட்டிவிட்டார். அதன் மீதிக் காலம் உங்களுக்கு வந்துசேர்கிறது. (பெங்களூரிலிருந்து மலிவாக வாங்கித் தருவதாக யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள்: வெளிமாநில வண்டியைப் பதிவு மாற்றும்போது தமிழ்நாட்டு வரியைத் தனியாகக் கட்ட வேண்டும், அந்த மாநிலத்தின் தடையில்லாச் சான்றும் வேண்டும்.)

அண்ணன் மகன் காருக்கு வருகிறேன். உறவில் வாங்கும்போது நம்மவர்கள் செய்யும் தவறு ஒன்றுதான்: கூச்சத்தால் சோதிக்காமல் விட்டுவிடுகிறார்கள். பிறகு கிளட்ச் போனால் வாய்விட்டுச் சொல்லவும் முடிவதில்லை, மனதில் வைத்துக்கொள்ளாமல் இருக்கவும் முடிவதில்லை. ஒரு கல்யாணத்தில் இரண்டு குடும்பமும் பேசிக்கொள்ளாமல் நிற்கும் நிலை ஒரு காரால் வந்ததை நான் அறிவேன். ஆகவே அந்தத் தம்பியிடம் நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்: "வெளியார் வாங்கினால் எப்படிப் பார்ப்பார்களோ அப்படித்தான் நானும் பார்ப்பேன், உனக்கும் அதுதான் நல்லது." நல்ல பிள்ளையாக இருந்தால் இதில் வருத்தப்பட மாட்டார்.

முதலில் 31,000 என்ற எண்ணைச் சரிபார்க்க வேண்டும். சர்வீஸ் புத்தகத்திலும் பில்களிலும் ஒவ்வொரு முறையும் கிலோமீட்டர் எழுதியிருப்பார்கள்; அது சீராக ஏறிவந்திருக்கிறதா என்று பாருங்கள். அவ்வளவுதான் ஓடியது என்றால் பிரேக் பெடலின் ரப்பரும் ஸ்டியரிங்கின் மேல்தோலும் கியர் குமிழும் தேயாமல் இருக்க வேண்டும். அடுத்து டயர். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் அச்சிட்டிருக்கும். 1421 என்றிருந்தால் 2021ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் செய்தது. கார் வந்தபோது வந்த டயரே இன்னும் இருந்தால், பட்டன் (டயரின் மேல்வரிகள்) எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ரப்பர் இறுகிப்போயிருக்கும். சென்னைச் சாலையில் மழையில் பிரேக் பிடிக்கும்போது அந்த இறுக்கம் தெரியும். நான்கையும் மாற்ற 25,000 முதல் 30,000 ரூபாய் வரை ஆகும் என்று கணக்கில் சேருங்கள். ஆனால் நான்கு டயருக்கு நான்கு வேறு ஆண்டுகள் இருந்தால், அல்லது ஒரு பக்கத்து டயர் இரண்டும் மட்டும் புதிதாக இருந்தால், ஏன் என்று கேளுங்கள்.

அடிபட்ட கார் என்பதைப் பெயின்ட்டைவிட நட்டுகள்தான் உண்மையாகச் சொல்லும். பானெட்டையும் கதவுகளையும் முன் மட்கார்டையும் பிடித்திருக்கும் நட்டுகளின் மேல் கம்பெனிப் பெயின்ட் உரியாமல் இருக்கிறதா என்று வெயிலில் வைத்துப் பாருங்கள். ஸ்பேனர் பட்டிருந்தால் மூலைகளில் பெயின்ட் உதிர்ந்திருக்கும். நம் தெருக்களில் பம்பர் உரசாத கார் கிடையாது, அதற்காக யாரும் கவலைப்பட வேண்டாம். டிக்கியின் தரையிலோ முன்பக்கச் சட்டத்திலோ வெல்டிங் தெரிந்தால் மட்டும் அந்தக் காரை விட்டுவிடுங்கள், விலையைப் பாதியாகக் குறைத்தாலும் சரி.

காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய் நீங்களே சாவியைத் திருப்புங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் போங்கள். பிறகு கண்ணாடிகளை இறக்கிவிட்டு, ஏ.சி.யை நிறுத்திவிட்டு, செம்மண் சரளைப் பாதை ஒன்றில் மெதுவாக ஓட்டுங்கள். சஸ்பென்ஷன் புஷ்கள் (அதிர்வைத் தாங்கும் ரப்பர்கள்) தேய்ந்திருந்தால் அந்தப் பாதையில் டக்டக்கென்று சொல்லிவிடும், நான்குவழிச் சாலையில் சொல்லாது. நடுவழியில் நான்காவது கியரில் முப்பதில் போகும்போது ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று அழுத்துங்கள். எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது.

இந்த 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சினில் டர்போ கிடையாது. 121 குதிரைத்திறன் தருகிறது. ஐந்து பேரும் சாமானுமாகச் சென்னைக்குப் போக அது தாராளம். விரட்டி ஓட்டும் இளைஞருக்கு டர்போ எஞ்சின்களின் இழுவை பிடிக்கும். நின்று நின்று ஓடும் வண்டிக்கு, நம்மூர் மெக்கானிக் தொடக்கூடிய எளிய எஞ்சினையே நான் விரும்புகிறேன். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பதைப் பற்றி உங்களுக்குக் கவலை இருக்கலாம். தங்கள் கார்கள் 2009 முதலே அதைத் தாங்கும் பொருள்களால் ஆனவை என்று ஹோண்டா கூறியிருக்கிறது. மைலேஜ் சிறிது குறையும், அவ்வளவே. டிக்கி 506 லிட்டர். பலகாரத் தூக்குகளும் அரிசி மூட்டையும் மகளுக்குக் கொண்டுபோகும் மற்றச் சாமானும் உட்காருகிறவர்களின் காலடிக்கு வராமல் தனியாகப் பூட்டிக்கொண்டு போகலாம் என்பதுதான் செடானின் உண்மையான வசதி. காற்றுப்பைகளின் எண்ணிக்கை வேரியன்ட்டுக்கு வேரியன்ட் மாறும். அது எந்த வேரியன்ட் என்று நீங்கள் எழுதவில்லை. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், பின்சீட்டில் உட்காருகிறவர்களும் பெல்ட் போட வேண்டும் என்பதை வீட்டில் வழக்கமாக்குங்கள்.

விலை 9 லட்சம் என்பது கொஞ்சம் அதிகம். புதிய காரின் வரி குறைந்ததால் பழைய காரின் விலையும் இறங்க வேண்டும். டயர், பேட்டரி, பிரேக் எண்ணெய், கூலன்ட் எல்லாம் மாற்ற 40,000 ரூபாய் வரை உங்களுக்குச் செலவு காத்திருக்கிறது. எட்டரை லட்சத்துக்குள் முடித்தால் இரண்டு பக்கமும் நியாயம். விலை படிந்ததும் எழுதிக்கொள்ளுங்கள். கல்யாணத்திலேயே இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தம் எழுதிக்கொள்ளும் வழக்கம் உள்ள பகுதி இது. காருக்கு எழுதுவதில் யாருக்கும் மனக்குறை வரத் தேவையில்லை. தொகை, கொடுத்த தேதி, வண்டியை ஒப்படைத்த நேரம், அதுவரை இருந்த அபராதங்கள் விற்றவரைச் சேர்ந்தவை என்ற வாசகம் ஆகியவை போதும். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29உம் 30உம் கையெழுத்தாக வேண்டும். விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். வங்கிக் கடன் இருந்திருந்தால் அது ஆர்.சி.யிலிருந்து நீக்கப்பட்டதற்கான படிவம் 35ஐயும் வங்கிச் சான்றையும் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். "நம்ம பிள்ளைதானே, பெயர் மாற்றத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். நடுவில் ஒரு விபத்து நடந்தால் வழக்கு அந்தத் தம்பியின் பெயரில் வரும்.

காப்பீட்டை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். இங்கே பலருக்குத் தெரியாத ஒரு லாபம் இருக்கிறது. இழப்பீடு கேட்காமல் ஓட்டியதற்குக் கிடைக்கும் தள்ளுபடி காரைச் சேர்ந்தது அன்று, உரிமையாளரைச் சேர்ந்தது. உங்கள் 2012ஆம் ஆண்டுக் காருக்கு அது 50 சதவீதம் வரை சேர்ந்திருக்கலாம். பழைய காரை விற்றதும் காப்பீட்டு நிறுவனத்திடம் அதற்கான சான்றை வாங்கிக்கொண்டால், மூன்று ஆண்டுக்குள் வாங்கும் அடுத்த காருக்கு, அது பழைய காராக இருந்தாலும், பயன்படுத்தலாம்.

கொட்டகையை டேப் வைத்து அளந்துவிடுங்கள். இந்தக் கார் நான்கரை மீட்டருக்குச் சற்று மேல் நீளம், பக்கவாட்டுக் கண்ணாடிகளைச் சேர்க்காவிட்டால் 1.75 மீட்டர் அகலம். பழைய வீடுகளின் பின்கட்டுக் கொட்டகைகளில் கார் நுழைந்துவிடும், ஆனால் கதவைத் திறந்து இறங்க இடம் இருக்காது. வாசல் சறுக்கலில் ஏறும்போது அடி தட்டுகிறதா என்பதையும் ஆளை ஏற்றிக்கொண்டே பாருங்கள். காலியாக இருக்கும்போது தட்டாத கார் ஐந்து பேர் ஏறியதும் தட்டும். வண்டி நிற்கும் நாள்களில் ஹேண்ட் பிரேக்கைப் போடாமல் கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள், வாரம் ஒருமுறை பத்து கிலோமீட்டராவது ஏ.சி. போட்டு ஓட்டுங்கள். தானியமும் பழைய சாமானும் வைக்கும் அறைக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டாம். எங்கள் பட்டறைக்கு வரும் வயரிங் வேலைகளில் பெரும்பாலானவை எலி கடித்தவையே.

தாயாரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். செடானில் சீட் தாழ்வாக இருக்கும்; மூட்டுவலி உள்ளவர்களுக்கு உட்காருவது எளிது, எழுந்து இறங்குவதுதான் சிரமம். இதை எந்தப் புள்ளிவிவரமும் தீர்மானிக்காது. அண்ணன் மகனிடம் கேட்டு, அடுத்த மாத மதுரைப் பயணத்துக்கு அந்தக் காரையே எடுத்துக்கொண்டு போங்கள். ஆத்தா வீட்டு வாசலில் ஏறி, ஆஸ்பத்திரியில் இறங்கி, மறுபடி ஏறி, வீடு வந்து இறங்கட்டும். நான்கு முறையும் அவர் உங்கள் கையை எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறார் என்று கவனியுங்கள். அவருக்குச் சிரமம் என்று தெரிந்தால் நான் மேலே எழுதியதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள். உயரமான சீட் உள்ள வேறு வகைக் கார்களைப் பற்றிப் பேசலாம். சிரமம் இல்லையென்றால் அந்த வாரமே படிவம் 29இல் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.